வாயை மட்டும் அசைத்தால் போதும்

இது கதை இல்லை. நடந்தது. நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் யாரோ நம் காதில் பூ சுற்றுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டட்டும், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் ஒன்று. இதை எனக்குச் சொன்னவள், பேய் பிசாசு என்று யாராவது வாயெடுத்தாலே "உங்களுக்கெல்லாம் வேற வேலை இல்லையா?" என்று கேட்கிற ரகம். இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறாள். அப்படிக் கேட்கிறவள்தான், தன் வீட்டு டிவியில் சத்தத்தை முழுசாகக் குறைக்க யாரையும் விடமாட்டாள்.

முகத்துக்கு நேரே அவளை எல்லோரும் மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவள் பெயர் கறார். வருஷா வருஷம் நடக்கிற ஒரு பெரிய திரைப்பட விருது விழாவில் மேடைப் பொறுப்பு அவளுடையது. யார் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும், எப்போது விளக்கு, எப்போது இசை, விருது வாங்கியவர் வாயை எப்போது அடைக்க வேண்டும், எல்லாம் அவள் ஹெட்செட்டிலிருந்துதான் உத்தரவாகப் போகும். ஒரு வருஷம் முன்னணிக் கதாநாயகர் ஒருவர் மேடைக்குத் தாமதமாக வந்தார். "சார், லேட்டா வந்தாலும் ஜெயிக்கிறதெல்லாம் உங்க படத்துல. இங்க இந்தக் கோட்டுல நில்லுங்க" என்று அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவர் நின்றார்.

அவளுக்கு ஒரே ஒரு அக்கா. டப்பிங் பேசுகிறவள். திரையில் அழகான பெண்கள் வாயை அசைப்பார்கள். எங்கோ ஒரு இருட்டறையில் மைக் முன்னால் நின்று அக்கா பேசுவாள். அழுவாள், கொஞ்சுவாள், பிரசவ வலியில் கத்துவாள். பிறகு வாயில் இருமல் மிட்டாயைப் போட்டுக்கொண்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வருவாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் அந்தப் படத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாலும் இவள் மூச்சு விடமாட்டாள்.

வீட்டில் மட்டும் அவளை அடக்க முடியாது. டிவியை யாராவது சத்தமில்லாமல் வைத்துவிட்டால் போதும். துணி மடித்துக்கொண்டே செய்தி வாசிப்பவருக்குப் பேசுவாள், சோப்பு விளம்பரக் குழந்தைக்குப் பேசுவாள், மைதானத்தில் நடுவரோடு சண்டை போடுகிற விளையாட்டுக்காரனுக்குப் பேசுவாள். உதடும் குரலும் ஒரு நூல் பிசகாது. "சும்மா வாயை மட்டும் அசைக்கிறதைப் பார்த்தா பாவமா இருக்குடி. என்னால சும்மா இருக்க முடியாது" என்பாள். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அக்கா கடைசியாகப் பேசிய படம் ஒரு புது நடிகைக்கு. கடைசி வாரம் முழுக்கக் காய்ச்சலோடு பேசினாள். நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். படம் வெளியாவதற்கு முன்பே போய்விட்டாள்.

படம் ஓடோ ஓடென்று ஓடியது. "என்ன குரல்! என்ன குரல்!" என்று ஊரே கொண்டாடியது, அந்த நடிகையை. அக்கா பெயர் படத்தில் எங்கேயும் இல்லை. காரணம், இந்த விருது விழாவில் ஒரு விதி. சொந்தக் குரலில் பேசினவளுக்கு மட்டும்தான் சிறந்த நடிகை விருது. படக் கம்பெனி, பேசியது நடிகையேதான் என்று சாதித்துவிட்டது. விழாக்காரர்களுக்கு உண்மை தெரியும். ஆனாலும் யாரும் வாய் திறக்கவில்லை.

கறார் திறந்தாள். விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது நிகழ்ச்சி இயக்குநரின் அறைக்குப் போனாள். அந்த வருஷம் மறைந்த கலைஞர்களின் படங்களை மேடைத் திரையில் வரிசையாகக் காட்டுவார்கள். அதைப் பற்றித்தான் கேட்டாள்.

"ஒரு போட்டோ. மூணு செகண்ட். கீழ பேரு. அவ்வளவுதான் கேக்கறேன்."

இயக்குநர் பேனாவை மேஜையில் உருட்டினார். "போடலாம் மேடம். அடுத்த நிமிஷமே யாருக்குக் குரல் கொடுத்தாங்கன்னு கேப்பாங்க. விருது போயிடும். விழா நாறிடும்."

"நாறட்டும்."

"கோபப்படாதீங்க. உங்ககிட்ட நானே ஒரு உதவி கேக்கணும்னு இருந்தேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணோட நிஜக் குரல் கட்டைக் குரல். மேடையில பேசினா குட்டு உடைஞ்சிடும். அதனால நன்றியுரையை முன்னாடியே பதிவு பண்ணி ஓடவிடப் போறோம். அது வாயை மட்டும் அசைச்சா போதும். உங்க அக்கா பேசின பழைய பதிவு ஏதாவது வீட்டுல இருந்தா... அங்கங்க வெட்டி ஒட்டிக்கலாம்."

இதைக் கேட்டதும் அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது.

"என் அக்கா செத்து நாலு மாசமாச்சு. இன்னும் அவளை ஓசியில வேலை வாங்கப் பாக்கறீங்களா? முடியாது."

கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் எறிந்துவிட்டு வெளியே போனாள். கதவு வரைக்கும் போனவள் நின்றாள். திரும்பி வந்தாள். அட்டையை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"நான் போயிட்டா, அவ பேரு விட்டுப்போச்சேன்னு வருத்தப்படற ஒரு ஆள்கூட அந்த அரங்கத்துல இருக்க மாட்டாங்க. அதனால இருக்கேன். ஆனா பூசி மெழுகறதுக்கு என்னைக் கூப்பிடாதீங்க."

அவர்கள் வேறொரு டப்பிங்காரியைப் பிடித்து, அக்காவின் குரல் மாதிரியே பேசவைத்துப் பதிவு செய்துகொண்டார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகை. வெளியே பட்டப்பகல், சுள்ளென்று வெயில். அரங்கத்துக்குள் கும்மிருட்டு. அங்கே எந்நேரமும் ராத்திரிதான். முன்வரிசை நாற்காலிகளில் நட்சத்திரங்களின் முகங்களைப் பெரிய அட்டைகளில் ஒட்டி உட்காரவைத்திருந்தார்கள். யாரை எங்கே காட்ட வேண்டும் என்று கேமராக்காரர்கள் பழகுவதற்காக. வரிசை வரிசையாக முகங்கள், எல்லாம் சிரிக்கும் முகங்கள். கழுத்துக்குக் கீழே யாருக்கும் ஒன்றும் இல்லை.

விருது வாங்குகிறவர்களுக்குப் பதிலாக மேடையேற ஒரு நடனக்காரி. இரண்டு பிள்ளை பெற்றவள், வாயாடி. ஒவ்வொரு விருதுக்கும் படியேறி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைப் பேசுவாள். "இந்த விருதை, எங்க வீட்டுக் குழாயை இன்னும் சரி பண்ணாத பிளம்பருக்குச் சமர்ப்பிக்கிறேன்!" அரங்கமே சிரித்தது. கறார்கூடச் சிரித்தாள்.

சிறந்த நடிகை விருது வந்தது. மணி இரண்டு நாற்பது.

பதிவு செய்த உரை இன்னும் ஒலிக்காரரின் கைக்கு வந்து சேரவில்லை. கேமரா கோணத்தை மட்டும் பார்த்தால் போதும் என்றார் இயக்குநர். கறார் ஹெட்செட்டை ஒதுக்கிவிட்டு மேடையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சத்தம் வேணாம். வாயை மட்டும் அசைங்க."

நடனக்காரி தலையாட்டினாள். மைக் முன்னால் நின்று வாயை அசைத்தாள்.

ஸ்பீக்கரில் ஒரு மூச்சு கேட்டது. மூக்கால் சின்னதாக உள்ளே இழுக்கிற மூச்சு.

பிறகு குரல்.

"இந்த விருதை... எங்க வீட்டுக் குழாயை இன்னும் சரி பண்ணாத பிளம்பருக்கு..."

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். கறார் சிரிக்கவில்லை. அது நடனக்காரியின் குரல் இல்லை. ஒவ்வொரு வசனத்துக்கு முன்னாலும் அப்படி மூச்சிழுக்கிறவள் ஒருத்திதான். அவளுக்குக் கொள்ளி வைத்து நாலு மாசம் ஆகியிருந்தது.

அரங்கத்தின் பின்னால் ஒலிக்காரர் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார்.

"மேடம்... மைக்கை அணைச்சுத்தான் வெச்சிருக்கேன்..."

நடனக்காரி வாயை மூடினாள். குரல் நின்றது. பயந்துபோய் மறுபடி வாயைத் திறந்தாள்.

"நான் பேசலை!"

அதை இரண்டு பேர் சேர்ந்து சொன்னார்கள்.

நடனக்காரி மேடையிலிருந்து குதித்து ஓடியே போய்விட்டாள். "வேற ஏதோ ஒலிபரப்பு குறுக்கே புகுந்திருக்கு. எல்லாரும் போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றார் இயக்குநர். சொல்லிவிட்டு அவர்தான் முதலில் வெளியே போனார். அஞ்சு நிமிஷத்தில் அரங்கம் காலி.

கறார் மட்டும் போகவில்லை.

பயந்தாளா என்றால், பயந்தாள். ஆனாலும் மேடைக்குப் போனாள். 'என் அக்காகிட்ட நான் எதுக்குப் பயப்படணும்? அவ சாப்பிட்ட தட்டுல சாப்பிட்டவ நான்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மைக் முன்னால் நின்றாள். எதிரே அட்டை முகங்கள். எல்லாம் அவளையே பார்த்துச் சிரித்தன.

சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து, அக்காவின் பெயரைச் சொன்னாள்.

மூச்சு...

பிறகு நாலா பக்கத்திலிருந்தும் அந்தப் பெயர். அக்காவே சொன்னாள்.

கறார் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

மூச்சு நிற்கவில்லை.

இப்போது அது ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. பக்கத்தில்... வலது காதுக்குப் பின்னால். கூடவே இருமல் மிட்டாய் வாசனை.

அவள் திரும்பவில்லை.

திரும்பினால் அழுதுவிடுவோம் என்று தெரியும். அழ அது நேரமில்லை.

"அக்கா." மைக்கைப் பார்த்தபடியே சொன்னாள். "என்னைப் பாக்க வராத. நாளைக்கு அவங்க ஒரு வாயைக் கொண்டுவந்து இந்த மைக் முன்னாடி நிறுத்தப் போறாங்க. சத்தமில்லாத வாய். அதுக்கு வா."

மூச்சு நின்றது.

மேடையை விட்டு இறங்கி வரும்போது ஒன்றைப் பார்த்தாள். முதல் வரிசையில் அந்த நடிகையின் அட்டை. மற்ற முகங்கள் எல்லாம் காய்ந்த அட்டை. இதில் மட்டும் உதடுகள் இருந்த இடம் ஈரமாக இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

மறுநாள் விழா. அரங்கம் நிரம்பி வழிந்தது. பட்டும் சரிகையும் வாசனைத் திரவியமும் மூச்சு முட்டவைத்தன. உலகம் முழுக்க நேரடி ஒளிபரப்பு. மறைந்த கலைஞர்களுக்கு அஞ்சலி என்று படங்கள் ஓடின. ஒரு வயதான தயாரிப்பாளர், இரண்டு பாடகர்கள், ஒரு நகைச்சுவை நடிகர்... நடிகர் ஒருவரின் நாய்க்குக்கூட இடம் இருந்தது. அக்கா இல்லை. கறார் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த உத்தரவைக் கொடுத்தாள்.

எட்டு பன்னிரண்டுக்கு உறையைப் பிரித்தார்கள். வெற்றி பெற்றவர் யார் என்பது பரம ரகசியம். ஆனாலும் நன்றியுரை முன்கூட்டியே பதிவாகித் தயாராக இருந்தது. நடிகை எழுந்து மேடையின் பக்கவாட்டுப் படியில் வந்தாள். கறாரைத் தாண்டும்போது ஒரு நொடி நின்றாள். இருபத்துமூன்று வயசு இருக்கும்.

"எனக்கு இது பிடிக்கலை மேடம்" என்றாள். கட்டைக் குரல்தான். நல்ல குரல்.

"எனக்கும்தான்" என்றாள் கறார். "போ."

நடிகை மைக் முன்னால் போய் நின்றாள். கைதட்டல் அடங்கியது. கறார் ஹெட்செட்டில் ஒலிக்காரருக்கு உத்தரவு கொடுக்க வாயைத் திறந்தாள்.

அதற்கு முன்பே அந்த மூச்சு கேட்டது.

"வணக்கம்."

கேட்டவர்கள் பூரித்துப் போனார்கள். படத்தில் கேட்ட அதே குரல்! ஆனால் பக்கவாட்டில் நின்ற கறாருக்கு நடு முதுகில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. ஏனென்றால் குரல் முதலில் வந்துவிட்டது. உதடு பிறகுதான் அசைந்தது.

இருபது வருஷமாக அக்காவின் குரல் உதடுகளுக்குப் பின்னால் ஓடியது. அன்றைக்கு உதடு அவள் பின்னால் ஓடியது.

"இந்தப் படத்துல நீங்க கேட்ட குரல் என்னோடது."

அக்கா தன் பெயரைச் சொன்னாள். முழுப் பெயர், அப்பா பெயரோடு.

அரங்கம் புரியாமல் முழித்தது. ஹெட்செட்டில் இயக்குநர் அலறினார்.

"என்ன இது? நிறுத்து! பதிவை நிறுத்து!"

ஒலிக்காரரின் குரல் அழுகிற மாதிரி வந்தது. "நான் எதையும் போடவே இல்ல சார்..."

"அப்போ மைக்கைக் கட் பண்ணு!"

"மைக்கும் போடலை சார்..."

மேடையில் குரல் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

"கடைசியில ஒரு அழுகைக் காட்சி வருமே... எல்லாரும் அழுதீங்களே... அது நடிப்பு இல்ல. எனக்குக் காய்ச்சல் நூத்திமூணு. மூச்சு முட்டிச்சு. ரொம்ப நல்லா இருக்கு, இன்னொரு தடவை பேசுங்கன்னாங்க."

ஒரு மூச்சு.

"பேசினேன்."

"இசை! இசையை எடு! விளக்கை அணை!" இயக்குநருக்குத் தொண்டை கிழிந்தது. வாத்தியக்காரர்கள் வயலின் வில்லைத் தூக்கிக்கொண்டு கறாரைப் பார்த்தார்கள். விளக்குக்காரர் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு அவள் சொல்லுக்காகக் காத்திருந்தார். அவள் சொல்லாமல் அந்த அரங்கத்தில் ஒரு விளக்கும் அணையாது.

"முடியாது" என்றாள் கறார்.

"என்னது?"

"யாரும் எதையும் தொடக் கூடாது. அவ பேசி முடிக்கட்டும்."

"நான்தான் இங்க இயக்குநர்!"

"இருந்துக்கோங்க. மேடை என்னோடது. முடியாது."

அவள் அழுதுகொண்டே சொன்னாள். சொல்லும்போது ஒரு சொட்டு பயமில்லை என்று என்னிடம் சத்தியம் செய்தாள்.

"படத்துல என் பேரு போடலை" என்றது குரல். "அதனால நானே சொல்றேன். எழுதிக்கோங்க."

மறுபடி பெயர். நடிகையின் வாய் மூடியது.

யாரும் கைதட்டவில்லை. பிறகு பின்பக்கச் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்த ஒப்பனைக்காரர்களும் துணி இஸ்திரி போடுகிறவர்களும் தட்ட ஆரம்பித்தார்கள். அது முன்வரிசைக்கு வந்து சேர நேரமானது. ஆனால் வந்து சேர்ந்தது.

மறுநாளே கறாரின் வேலை போனது. "போனா போகட்டும்" என்று வீட்டில் காலை நீட்டிக்கொண்டு தூங்கினாள். நடிகை விருதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். படக் கம்பெனி, இது தொழில்நுட்பக் கோளாறு என்றது. கோளாறு எப்படி அப்பா பெயரோடு பேசும் என்று ஊரே கேட்டுச் சிரித்தது. வேறு வழியில்லாமல் படத்தில் அக்காவின் பெயரைச் சேர்த்தார்கள்.

ஒரு வாரம் கழித்து நடிகை கறாரைத் தேடி வீட்டுக்கு வந்தாள். "முதல் வார்த்தைக்கு என் வாய் தானாத் திறந்துச்சு மேடம். சத்தியமா என் கையில இல்ல. ஆனா ரெண்டாவது வார்த்தைக்கு நான் மூடியிருக்கலாம்." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "மூடலை."

இயக்குநர் மட்டும் இன்றைக்கும் ஒரே பல்லவிதான். கறார்தான் திருட்டுத்தனமாக ஏதோ பழைய பதிவை ஓடவிட்டுவிட்டாள், ஒத்திகையில் நடந்ததும் அவள் வேலைதான் என்கிறார். பாதிப் பேர் அதைத்தான் நம்புகிறார்கள். நானும் கொஞ்ச நாள் நம்பினேன், ஒளிக்க என்ன இருக்கிறது. கறாரும் மறுக்கவில்லை. "நான்தான்னே இருக்கட்டும். அதுல எனக்கென்ன கௌரவக் குறைச்சல்?" என்பாள்.

மூன்று மாதம் கழித்து அவளுக்கு ஒரு போன் வந்தது. நான் அப்போது பக்கத்தில் இருந்தேன். போனில் பேசியதை என் காதால் கேட்டேன்.

கடல் தாண்டிய ஒரு நாட்டு டிவியிலிருந்து ஒரு பெண். நம் ஆள்தான், அங்கே வேலை பார்க்கிறவள். இந்த விழாவை அவர்கள் தங்கள் மொழியில் டப்பிங் செய்து போன வாரம்தான் ஒளிபரப்பினார்களாம்.

"சிறந்த நடிகை பேச்சுக்கு இங்க டப்பிங் பேசினாங்களே, அந்த அம்மாவுக்கு இன்னொரு படத்துல வேலை இருக்கு. அவங்களைக் கொஞ்சம் பேசச் சொல்றீங்களா? உங்க நம்பரைத்தான் கொடுத்துட்டுப் போனாங்க."

கறார் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். "எங்க வந்து கொடுத்தாங்க?"

"எங்க ஸ்டூடியோவுலதான். போன மாசம் வந்து பேசினாங்களே... நேர்லதான் வந்தாங்க. ஒரே டேக். திரையைப் பாக்கவே இல்ல மேடம், கண்ணை மூடிக்கிட்டுப் பேசினாங்க. அவ்வளவு சுத்தமா எங்க மொழி பேசறாங்களே, இந்த ஊர்லயே பிறந்தவங்களா?"

அக்காவுக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. கடலையே அவள் சினிமாவில்தான் பார்த்திருக்கிறாள்.

போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா என்று பார்த்தேன். கறார் என் கையைத் தட்டிவிட்டாள்.

"அவங்க பேரைப் போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"போட்டோம் மேடம். கண்டிப்பாப் போடணும்னு சொல்லிட்டுத்தான் பேசவே ஆரம்பிச்சாங்க."

"என்ன போட்டிருக்கீங்க? படிங்க."

அந்தப் பெண் படித்தாள். அப்பா பெயரோடு, முழுசாக, சரியாக இருந்தது.